சுவருக்கு இந்தப் பக்கம்

குணசீலன் சார்,
உங்கள் படம் கடலூர் முதுநகரில் ஒன்பது நாள் ஓடியது.
ஓடியது என்பது பேச்சுக்கு.
நான் பார்த்தவரை அது உட்கார்ந்துதான் இருந்தது.

தினம் நாலு காட்சி. முப்பத்தாறு.
ஆறாம் நாள் இரண்டாம் ஆட்டத்துக்கு
மூன்றே பேர் வந்ததால் காசைத் திருப்பிக் கொடுத்தார்கள்.
முப்பத்தைந்து.
இருநூற்றுப் பதினாறு சைக்கிள், பதினொரு மொபெட்.
டோக்கன் கிழித்தவள் நான்.

ஸ்டாண்டு, திரைக்குப் பின்சுவரை ஒட்டியது.
வசனம் செங்கல்லுக்குள்ளேயே செத்துவிடும்.
பாட்டில் வார்த்தை வராது.
கீச்சுச் சத்தம் எதையும் அந்தச் சுவர் விடாது.
அடிச்சத்தம் மட்டும் கசியும்,
உப்பனாறு தரைக்கடியில் ஏறி
வீட்டுச் சுவரில் பூப்பதுபோல.

இடைவேளை முடிந்து இருபதாவது நிமிடம்
ஒன்று வரும்.
அதன் பேர் செல்லோ என்று அப்போது தெரியாது.
சளி பிடித்த ஆம்பிளை
அழுதுவிடக் கூடாதென்று
தொண்டையைச் செருமிச் செருமி அழுவதுபோல.
நாலு படி ஏறும்.
ஐந்தாவதில் கால் வைக்காமல் இறங்கிவிடும்.

முதல் நாள் சாப்பாட்டு டப்பாவை மூடிவைத்தேன்.
இரண்டாம் நாள் அதற்காகச் சாப்பாட்டையே தள்ளிப்போட்டேன்.
மூன்றாம் நாள் அந்த இடத்தில் ஒரு பெண் செத்தாள்.
நான்தான் சாகடித்தேன்.
ஆஸ்பத்திரிக் கட்டில், பச்சைச் சேலை,
கழற்ற மறந்த ஒற்றைத் தோடு.
அப்புறம் எல்லாக் காட்சியிலும் செத்தாள்.

"நாற்காலியெல்லாம் சும்மாதானே கிடக்கு,
உள்ளே போய்ப் பாரேன்" என்றார் மேனேஜர் பரமதயாளன்.
போகவில்லை.
அவளுக்கு வேறு முகம் இருந்துவிட்டால்?

பத்தாம் நாள் வேறு படம்.
ஸ்டாண்டில் கால் வைக்க இடமில்லை.
சுவர் பகலெல்லாம் அதிர்ந்தது,
ஒன்றும் சொல்லாமல்.

மஞ்சக்குப்பத்தில் உங்கள் கேசட் பாதி விலைக்குக் கிடைத்தது.
அட்டையில் உங்கள் பேர்
பாடலாசிரியருக்குக் கீழே, எறும்பு அளவில்.
மூன்றாவது பாட்டை நீங்கள் மனசாரப் போடவில்லை,
தயாரிப்பாளருக்கு மச்சான் யாரோ பாடியிருக்கிறார். விடுங்கள்.
ஐந்தாவதில் சரணத்துக்கு முன்னால்
தபேலா அரை மாத்திரை பிந்தி வரும்,
வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வருகிறவரைப்போல.
அதற்கே முழு விலை தந்திருப்பேன்.

பி பக்கம் முடிந்து மிச்ச நாடாவில்
போனால் போகிறதென்று இரண்டு நிமிடம் பத்து விநாடி.
அது.
பேர்கூட அச்சடிக்கவில்லை.
சார், மேலே ஒரு புல்லாங்குழல் இருந்திருக்கிறது!
ஒன்பது நாளும் அஸ்திவாரத்தைப் பார்த்துவிட்டு
வீட்டைப் பார்த்ததாக நினைத்திருக்கிறேன்.

போன கார்த்திகையில் கெடிலம் ரோட்டுக்கு வந்துவிட்டது.
வேலைக்குப் போகாத அன்று
செல்போனில் உங்கள் படம் அகப்பட்டது,
மூலையில் ஏதோ டிவியின் முத்திரையோடு.
படம் நன்றாக இல்லை சார்.
ஊர் சொன்னது சரிதான்.

ஆனால் இடைவேளை முடிந்து இருபதாவது நிமிடம்
யாருமே சாகவில்லை.
வேலை கேட்கப் போகிற ஒருவன்
இருக்கிற ஒரே சட்டையைத் தேய்க்கிறான்.
கரிப்பெட்டி. கையால் தெளித்த தண்ணீர்.
நாலு இழுப்பு.
ஐந்தாவதற்கு முன் காலரைத் திருப்புகிறான்,
உள்பக்கம் நைந்து பிய்ந்திருக்கிறது.
அங்கேதான் புல்லாங்குழல்.

சாவுக்குப் போடுகிற இசையை
ஒரு காலருக்குப் போட்டிருக்கிறீர்கள்.
யார் கேட்டார்கள் உங்களை?
எவனாவது கவனித்துச் சொன்னானா?

செல்போனில் அடிச்சத்தம் வரவே இல்லை.
சின்ன ஸ்பீக்கர், மேல்பாதி மட்டும் பாடியது.
கீழ்ப்பாதி என்னிடம் இருந்தது.
வாயை மூடிக்கொண்டு முனகினேன்,
அவன் பெட்டியை எடுத்து நிமிர்த்தி வைக்கும்வரை.

பச்சைச் சேலைக்காரி பிழைத்துக்கொண்டாள்.
இருபத்தொன்பது வருஷம் கழித்து, நடு ராத்திரியில்,
தெருவெல்லாம் தண்ணீர்.
அவளை எங்கே அனுப்புவதென்று தெரியவில்லை.